எங்கட தவக்கை இல்லை

"அண்ணை, இது எங்கட தவக்கை இல்லை."

"சனம் படம் பாக்குமோ, தவக்கை கேக்குமோ? விடு தம்பி."

என்னோடு படத்தில் வேலை செய்த தம்பிக்கும் எனக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் படத்தை ஒப்படைக்க வேண்டும். முழுநீளத்தையும் ஒருமுறை ஏற்றுமதி செய்ய 40 நிமிடம் எடுக்கும் கணினி. அந்த நேரத்தில் இதைவிட வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் என்னோடு நானே வாதாடுகிறேன்.

தவக்கை, அதாவது தவளைச் சத்தம், படத்துக்குள் ஏன் வந்தது என்றால், மழை பொய். காலபோக விதைப்புக் காட்சி அது, மாரி மழைக்கு நெல் விதைக்கும் காலம். எடுத்ததோ ஆடி மாதம், கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியை வாரி அடிக்கிற நாளில். தண்ணீர் பவுசர் பிடித்து மழை பெய்யப் பண்ணலாம் என்று ஒருவர் சொன்னார். குடிதண்ணீருக்கே பவுசரைப் பார்த்துக்கொண்டு சனம் வாளியோடு நிற்கிற மாதத்தில் அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே இணையத்தில் மழை தேடினோம்.

கறுப்புப் பின்னணியில் பெய்யும் மழைக் கிளிப்புகள் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன. மேலே வைத்து 'ஸ்கிறீன்' முறையில் கலந்தால் கறுப்பு மறைந்து துளி மட்டும் நிற்கும் என்பார்கள். எங்களுக்கு நிற்கவில்லை. படம் முழுக்கச் சாம்பல் புகார் படர்ந்தது. கிளிப்பின் கறுப்பு 16இல் பதிவாகியிருக்க, மென்பொருள் அதை 0 முதல் 255 வரையான முழு அளவாக வாசித்தால் இப்படித்தான் ஆகும்: கறுப்பு என்று நாம் நினைப்பது மெல்லிய சாம்பல், அது ஒவ்வொரு புள்ளியிலும் போய்ச் சேர்கிறது. டாவின்சி ரிசொல்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் கிளிப் அற்றிபியூட்ஸுக்குள் போய் டேற்றா லெவல்ஸை 'வீடியோ' என்று மாற்றினால் சரி. அதற்குப் பிறகும் சதுரம் சதுரமாய் ஏதாவது தெரிந்தால் அது சுருக்கத்தின் கழிவு. ஒளியளவை மாற்றும் வளைகோட்டில் அடிக்கறுப்பைக் கொஞ்சம் நசுக்க வேண்டும்.

அடுத்தது வேகம். கிளிப் விநாடிக்கு 24 ஃபிறேம், நாங்கள் படத்தை அடுக்கும் ரைம்லைன் 25. அப்படியே போட்டால் விநாடிக்கு ஒரு ஃபிறேம் இரட்டித்து, மழை விநாடிக்கொருமுறை விக்கும். கிளிப்பை 25 என்று வாசிக்கச் சொல்லிவிட்டால் நூற்றுக்கு நான்கு வீதம் வேகமாகப் பெய்யும், அதை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பெரிய துளி நிலத்துக்கு வரும்போது விநாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகம். 1/50 விநாடி ஷட்டரில் எடுத்த படத்தில் அது 18 சென்ரிமீற்றர்க் கோடாக இழுபட வேண்டும். வேகமான ஷட்டரில் எடுத்த மழைக் கிளிப்பில் துளிகள் குண்டுமணி மாதிரித் தனித்தனியே நிற்கும். அதை எங்கள் காட்சிக்கு மேல் வைத்தால், நடிகர் ஓர் உலகத்தில் நிற்க மழை இன்னோர் உலகத்தில் பெய்தது. நிலைக்குத்தாக மட்டும் மங்கலாக்கி இழுத்துச் சமாளித்தோம்.

மழை எங்கே தெரிய வேண்டும் என்பதுதான் பலர் பிழைவிடும் இடம். வெளிச்ச வானத்துக்கு முன்னால் துளி தெரியாது. இருண்ட மரத்துக்கு முன்னால்தான் தெரியும். பின்காட்சியின் ஒளியளவைத் தலைகீழாக்கி மழைக்கு மாஸ்க்காகக் கொடுத்த பிறகே அது மழையானது. தூரத்து மழை, நடு மழை, முகத்துக்கு முன்னால் ஃபோக்கஸ் இழந்த மழை என்று மூன்று அடுக்கு. தூரத்து அடுக்கு ஆளுக்குப் பின்னால் போக வேண்டுமென்பதால் ஆளை ஃபிறேம் ஃபிறேமாக வெட்டியெடுக்க இரண்டு இரவு போனது. நல்ல வேளையாகக் காலை 6 மணிக்கு முன் எடுத்த காட்சி. நிலத்தில் கூர்மையான நிழல் இருந்திருந்தால் எந்தக் கிளிப்பும் காப்பாற்றியிருக்காது.

ஒன்று மிச்சமிருந்தது. பனை ஓலை சோளகத்துக்கு ஒரு பக்கம் சாய, மழை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கிளிப்பை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். மாரி மழை வாடையோடு வடகிழக்கிலிருந்து வருவது. ஓலைக்குப் பொருந்திய அந்த மழை ஊர்க்காரனின் கண்ணுக்குச் சோளகப் பக்கத்து மழை. தம்பி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஓலைக்குக் கொடுத்த சலுகையைத் தவக்கைக்குக் கொடுக்க அவன் ஏன் மறுத்தான் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இனிச் சத்தம். பொய் மழையை நம்பவைப்பதில் பாதி வேலை காதுடையது. ஃப்ரீசவுண்ட் 2005இல் பார்சிலோனாவிலுள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இணைய ஒலிக் களஞ்சியம். கணக்குத் திறந்தால்தான் மூலக் கோப்பை எடுக்கலாம். திறக்காமல் கேட்பது சுருக்கிய முன்னோட்டம் மட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உரிமம் வேறு: ஒன்று எதற்கும் பாவிக்கலாம், ஒன்றுக்குப் பெயர் போட வேண்டும், ஒன்றை வணிகத்துக்குத் தொடக்கூடாது. பிபிசி 2018இல் 16,000 ஒலிகளைத் திறந்துவிட்டது. ஆனால் அவை சொந்தப் பாவனைக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும்தான். ஸீனோ கான்ரோ என்ற குரல் பதிவுத் தளத்தில் பறவைகளோடு இப்போது தவளைகளும் உண்டு, பெரும்பாலானவை வணிகத்துக்கு உதவாதவை. நாங்கள் எடுத்தது பெயர் போட்டால் போதும் என்ற வகை. அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது: கலிபோர்னியா, குளக்கரை, இளவேனில் இரவு. ஹொலிவூட் படங்கள் உலகம் முழுக்கப் பரப்பிவிட்ட அந்த 'றிபிற், றிபிற்' அமெரிக்க மேற்குக் கரைத் தவளையின் குரல்.

அதை நான் வாசித்துவிட்டுத்தான் போட்டேன். தெரியாமல் போட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆடி மாதத்தில் மாரித் தவக்கைக்கு எங்கே போவது? படத்தைப் பார்த்து கனடாவிலிருந்து இயக்குநரின் அக்கா தொலைபேசி எடுத்தார். மழைக் காட்சியில் அந்தத் தவக்கைச் சத்தத்தைக் கேட்டதும் வீட்டு விறாந்தை ஞாபகம் வந்து அழுதுவிட்டாராம். அவர் இருக்கும் நாட்டின் மேற்குக் கரையிலும் அதே தவளை கத்துகிறது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய அழுகை உண்மை. அப்படியென்றால் தம்பி சொன்னது பிழையா? இல்லை, அதுவும் சரி.

கார்த்திகையில் தம்பி தானாகவே போய் ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்தான். சொல்லிக்கொடுத்தபடியே செய்திருந்தான்: 48 கிலோஹேட்ஸ், 24 பிற், மைக்குக்கு மயிர் உறை, 80 ஹேட்ஸுக்குக் கீழுள்ள தாழ் அதிர்வுக்கு வெட்டு. காலடி கேட்டால் தவக்கை வாயை மூடிவிடும். ஆகவே கருவியை வயல் வரம்பில் வைத்துவிட்டு 30 மீற்றர் தள்ளிப் போய் இருந்திருக்கிறான். 11 நிமிடம். தொடக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் தன் குரலில் சொல்லியிருந்தான்.

அருமையான பதிவு. அதைக் காட்சியில் போட்டுப் பார்த்தால் உதவவில்லை. எங்கள் தவக்கை அடித்தொண்டையில், இடைவெளியில்லாமல், ஒரே உறுமலாகக் கத்துகிறது. நடிகரின் குரல் நிற்கும் அதே அதிர்வெண் தளத்தில் அதுவும் நிற்கிறது. அங்கே வெட்டினால் வசனம் தெளிகிறது, ஆனால் தவக்கை எந்த ஊருமில்லாத தவக்கையாகிறது. வெட்டாமல், வசனத்துக்குக் கீழே 18 டெசிபெல் தாழ்த்தி வீட்டு முதியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஐம்பது வருஷம் வயல் செய்தவர். "இந்த மழைக்கை ஆரடா மோட்டர் போட்டது?" என்றார்.

வெறும் இருட்டில், படம் இல்லாமல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்கிறான் தம்பி. இருக்கலாம். படத்தோடு வரும்போது காது எதை எதிர்பார்க்கிறது என்பதை நாங்கள்தானே, இத்தனை வருஷமாக அந்த 'றிபிற்' போட்டுப் போட்டுப் பழக்கியிருக்கிறோம்? இப்படிச் சொன்னால் பழி என் தோளில் விழுகிறது. முதியவர் என் படம் எதையும் பார்த்ததில்லை என்று பார்த்தால் விழவில்லை.

போன மாதம் வவுனியாவில் ஒரு பொடியன் இரவுக் காட்சிக்குத் தவளைச் சத்தம் கேட்டான். தம்பியின் 11 நிமிடத்தையும், அவனிடம் கேட்டுக்கொண்டு, அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில்: "அண்ணை, இதிலை மோட்டர்ச் சத்தம் விழுந்திருக்கு. வேறை தவக்கை இருக்கோ?"

இல்லை என்று சொன்னேன். கலிபோர்னியாக் கோப்பு அதே கோப்புறையில் அடுத்த வரியில் இருந்தது. அனுப்பவில்லை. தேடுபெட்டியில் தவளை என்று அடித்தால் அவனுக்கும் முதலில் வரப்போவது அதுதான்.