குப்பியைவிடச் சீட்டு பெரிது

களியக்காவிளைப் பக்கத்து நம் பள்ளிக்கூடத்தில், கெமிஸ்ட்ரி லேப் அலமாரியின் மேல்தட்டில் கறுப்பு மணல் குப்பி ஒன்று இருந்தது பழைய மாணவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மெழுகு வழிந்த தக்கை; பழுப்பேறிய மையில் ஒரு சீட்டு: 'மோனசைட் மணல், மணவாளக்குறிச்சி, திருவிதாங்கூர்'. குப்பி துடைக்கும் முறை எங்கள் வகுப்புக்கு வந்த அன்று, ஒருவன் சீட்டின்மேல் ஈரத்துணியைக் கொண்டுபோனான். சார் கையைப் பிடித்துவிட்டார். "லேய், மணலு கடற்கரையில கொட்டிக் கிடக்கு. இந்தச் சீட்டுக்கு எங்கலே போவ?"

இங்கே லண்டனில் பழைய கனிமங்கள் சேர்க்கிறவர்களும் அதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். கல் என்னதான் பளபளத்தாலும், எந்த ஊர், யார் கைமாறி வந்தது என்று சொல்லும் சீட்டு இல்லாவிட்டால் மதிப்பு இறங்கிவிடும். நம் சீட்டைப் பழைய சீட்டோடு சேர்த்து வைக்கலாம். பழையதை எடுத்துவிட்டு வைக்கக் கூடாது. தேதி போடாத சீட்டுக்கு ஊர்ப்பெயரே வயது சொல்லும். வெறும் 'திருவிதாங்கூர்' என்றிருந்தால் பெரும்பாலும் 1949-க்கு முந்தியது. அந்த ஆண்டு கொச்சி சேர்ந்து, பெயர் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1 முதல் நாம் கன்னியாகுமரி மாவட்டம். எல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் பாடமா என்ன, எங்கள் தாத்தா காலத்து நிலப் பத்திரமே மலையாளத்தில்தான் இருக்கிறது.

அந்த மணலின் கதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலரிடம் தொடங்குகிறது. 1909-இல், நம் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில் அவர் மோனசைட்டைக் கண்டார். அதில் உள்ள தோரியம் என்ற கதிரியக்க உலோகம், கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு வேண்டியிருந்தது. அப்புறம் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையைவிட்டுப் போனது. லென்ஸில் பார்த்தால் தேன் நிற மணிகள் மோனசைட், இளஞ்சிவப்பு கார்னெட், நிறமற்றவை சிர்கான். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட் என்ற டைட்டானியத் தாது.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது தோரியம் நிறைந்த தோரியனைட். 1904-இல் உலகுக்குத் தெரியவந்த கனிமம்; இலங்கையில் அதைக் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காரராக நாம் அறிந்த அதே ஆள், அப்போது அங்கே கனிம ஆய்வுத் துறையின் தலைவர். நகக்கண் அளவுக் கறுப்புக் கனசதுரம். இடுக்கியில் தூக்கினால் ஈயக்குண்டு போலக் கனக்கும். சீட்டில் 'சிலோன்' என்று மட்டும்.

லண்டன் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஆனால் பெட்டி இருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். குளிருது என்று யாரும் முனகக் கூடாது, சரியா? தோரியம் வெளிவிடும் கதிரியக்க வாயுவுக்குப் பழைய மாணவர் என்ற சலுகை கிடையாது.