மலை இல்லாத ஊரில் ‘எம்’ எதற்கு?

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பலர், கியர் லிவரில் கியர் தானாக மாறும் ‘டி’க்குப் பக்கத்திலேயே இருக்கும், நாமே கியர் மாற்றுவதற்கான ‘எம்’ (மேனுவல்) பக்கம் கையைக் கொண்டு போவதே இல்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் அண்மையில் கார் எடுத்த தம்பி ஒருவர், “அண்ணா, அது ஏற்காடு, கொல்லிமலைன்னு போறவங்களுக்குத்தானே? நம்ம பக்கம் ஏது மலை?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வருகிறவருக்கு மேனுவல் முறை ஏன் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் அதை அதிகம் பயன்படுத்துவது மேடே இல்லாத வடசென்னையில்தான். அதற்கு முதல் காரணம் கண்டெய்னர் லாரி.

என்னுடையது ஏஎம்டி வகைக் கார். 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு நம் நாட்டில் பரவலான வகை இது. இதில் கியர்பாக்ஸும் கிளட்ச்சும் சாதாரண மேனுவல் காரில் உள்ளவைதான். நம் இடது காலும் இடது கையும் செய்து வந்த வேலையை ஆக்சுவேட்டர்கள் எனும் சிறு இயக்கிகள் செய்கின்றன, அதை எப்போது செய்வது என்பதை ஒரு கணினி தீர்மானிக்கிறது. கார் என்ன வேகத்தில் போகிறது, என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது, ஆக்சிலரேட்டரை நாம் எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். முன்னால் போகும் லாரி மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் திணறப் போகிறது என்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தத் தகவலைக் காருக்குச் சொல்லும் வழியாகவே நான் எம் முறையைப் பார்க்கிறேன்.

மூலக்கடை மேம்பாலத்தில் சரக்கு ஏற்றிய டிரெய்லர் ஒன்றின் பின்னால் ஏறும்போது டி முறையில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மூன்றாவது கியரில் ஏறத் தொடங்கிய கார், லாரி வேகம் குறைந்ததும் தானும் குறைந்து, என்ஜின் தளர்ந்து உறுமிய பிறகுதான் இரண்டாவதுக்கு இறங்கும். லாரி சற்றே நகர்ந்ததும் நாம் லேசாக அழுத்த, கணினி மீண்டும் மூன்றாவதுக்கு மாற்றும். அடுத்த சில விநாடிகளில் மறுபடியும் இரண்டாவது. ஏஎம்டியில் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குச் செல்லும் விசை ஒரு கணம் அறுபடுவதால், காரில் இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஏற்றத்தில் அந்த ஒரு கணத்திலேயே வேகம் இன்னும் விழுகிறது. இதைத் தவிர்க்க, ஏற்றம் தொடங்கும் முன்பே லிவரை எம்முக்குத் தள்ளி இரண்டாவது கியரை எடுத்துக்கொள்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய பெட்ரோல் கார்களின் என்ஜின் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் சுற்றும்; அழுத்தினால் உடனே இழுக்கும், விட்டால் உடனே அடங்கும். உச்சி வரை கியர் மாறாது.

இறங்கும்போதும் அதே இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே விடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜினே காரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்காது. பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அதை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதற்கே எரிபொருள் செலவாகும். சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அற்றுப் போவதால் அது ஆபத்தும் கூட.

மழைக்காலத்தில் எம் இன்னும் முக்கியம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது, முதல் கியரில் ஒரே சீரான வேகத்தில் நிற்காமல் நகர வேண்டும். டி முறையில் கால் சற்றுத் தளர்ந்ததும் கார் இரண்டாவதுக்குத் தாவி, ஆர்பிஎம்மைக் குறைத்துவிடும்; எம்மில் முதல் கியர் அப்படியே நிற்கும். அதற்காக வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய தண்ணீரில் இறங்கலாம் என்று பொருளில்லை, எந்தக் காரிலும் இறங்கக் கூடாது. தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யவும் கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும்.

கை தவறி ஏதாவது செய்து கியர்பாக்ஸைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது டியிலிருந்து எம்முக்கும், எம்மிலிருந்து டிக்கும் தாராளமாக மாற்றலாம், நிறுத்த வேண்டியதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரைக் கேட்டால் கணினி அதைக் கொடுக்காது. சிக்னலில் நின்றால் நாம் எதுவும் செய்யாமலேயே முதல் கியருக்கு வந்துவிடும். எம்மில் கியரை ஏற்றும் கூட்டல் குறி லிவரின் முன்பக்கமா பின்பக்கமா என்பது காருக்குக் கார் மாறும், ஆகையால் கையேட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டையும் கப்பிகளையும் கொண்டு இயங்கும் சிவிடி வகை ஆட்டோமேட்டிக்கில் உண்மையான கியர்களே கிடையாது, எம்மில் வருவன கணினி வகுத்த படிகள்தான். ஆனாலும் இறக்கத்தில் அவை என்ஜினைக் கொண்டு காரைப் பிடிக்க உதவும்.

எம் தீர்க்காத சிக்கலும் ஒன்று உண்டு. மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரைப் பிடித்து வைத்தால், ஏஎம்டியில் கிளட்ச் வழுக்கிச் சூடேறித் தேயும். எந்த முறையில் இருந்தாலும் நிற்கும் நேரத்தில் கால் பிரேக்கில் இருக்கட்டும், நேரமானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

பழகுவதற்கு, எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலில் மேல் கியருக்கு மாற்றும் அதே கணத்தில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி, கியர் விழுந்ததும் மீண்டும் அழுத்திப் பாருங்கள். எப்போது மாறப் போகிறது என்பது நமக்கே தெரிவதால், டியில் வரும் அந்தத் தலையாட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். அது கைக்கு வந்த பிறகு, லாரியை முந்துவதற்கு முன்பே ஒரு கியர் இறக்கிக்கொண்டு முந்திப் பாருங்கள். முந்தி முடித்துச் சாலை நேரானதும் லிவரை டிக்குத் தள்ளிவிடுங்கள். வெறும் சாலையில் அந்தக் கணினியே நம்மை விட நன்றாக மாற்றும்.