35-ல் எடுத்து 70-ல் காட்டினால் என்ன லாபம்? ஒளிப்பதிவு நுழைவுத் தேர்வில் என் இரண்டாவது முயற்சி

ஒளிப்பதிவுப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. ஒளிப்பதிவுப் பிரிவுப் பட்டியலில் என் எண் இருக்கிறது. இது எனக்கு இரண்டாவது முயற்சி. போன வருடம் எழுத்துத் தேர்வைத் தாண்டி நேர்முகத்தில் கோட்டை விட்டேன். தேர்வு முறைக்குள் போகவில்லை. ஃபிலிம், புரொஜெக்‌ஷன் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிஜிட்டல் காலத்தில் இது எதற்கு என்று பலரும் தள்ளிவிடுகிற பகுதி. போன வருடம் என்னைக் கவிழ்த்ததும் இந்த வருடம் தூக்கிவிட்டதும் அதுதான்.

போன வருட நேர்முகத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம் என்றேன். "பெங்களூருக்கு அந்தப் பக்கம் ராமநகரம் போயிருக்கிறாயா?" என்றார் ஒருவர். போயிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறைகள் மாதிரியேதான் அங்கும் இருக்கும் என்று உற்சாகமாகச் சொன்னேன். "அங்கே எடுத்த ஷோலே 1975-ல் 70 எம்.எம். படமாக வந்தது. ஆனால் எடுத்தது 35 எம்.எம்.மில். அப்படிப் பெரிதாக்கிக் காட்டினால் என்ன லாபம்?"

"தெளிவு கூடும் சார்."

"நெகட்டிவில் இல்லாத தெளிவு பிரிண்டில் எங்கிருந்து வரும்?"

35, 70 என்பது ஃபிலிமின் அகலம். நெகட்டிவ் என்பது கேமராவில் ஓடும் ஃபிலிம், பிரிண்ட் என்பது அதிலிருந்து எடுத்துத் தியேட்டரில் ஓட்டும் பிரதி. இவ்வளவு தெரிந்தும் எனக்கு வாயடைத்துப்போனது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள், அதற்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அகலம், விகிதம், ஆண்டு எதைக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். "ஏன்" என்று கேட்டதும்தான் எதுவும் புரியாமலே படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. கிருஷ்ணகிரி வரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். இளம் வயதில் பெங்களூரில் 70 எம்.எம். தியேட்டரில் வேலை பார்த்தவர், பிறகு ஊர்ப்பக்கம் வந்து கடைசிவரை புரொஜெக்டர் அறைதான். அம்மாதான் போய்ப் பார் என்று அனுப்பினார். போனேன். அந்தக் கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகள், பழைய புரொஜெக்டர் விளக்கில் எரிக்கும் செம்பு பூசிய கார்பன் குச்சி இரண்டு. டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. பழைய அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போகும்போது வரும் வாடை அதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஒரு துண்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நிறமெல்லாம் போய்ச் செக்கச்செவேல் என்று இருந்தது. உள்ளே ஒரு அம்மாவின் முகம், மேலும் கீழும் இழுத்துவிட்டாற்போல நீண்டு தெரிந்தது.

"இது ஸ்கோப் பிரிண்ட் கண்ணு, படத்தைப் பக்கவாட்டுல நெருக்கிப் பதிச்சது. லென்ஸ்தான் இதை அகலமா விரிச்சுக் காட்டும். ஓரத்துல ஓட்டைய எண்ணு."

ஒரு ஃபிரேமுக்கு நான்கு. பிறகு அடிக்கோலை வைத்து ஒரு அடிக்கு எண்ணச் சொன்னார். 64. சொன்னதும் தலைக்குள் பல்ப் எரிந்தது. 64-ஐ நான்கால் வகுத்தால் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. நான் நெட்டுருப் போட்டிருந்த பாதி எண்கள் அந்த ஒரு துண்டுக்குள் இருந்தன.

இதை மட்டுமாவது செய்யுங்கள், மற்ற எதையும் விட்டாலும் பரவாயில்லை: ஒரு அடி ஃபிலிமைக் கையில் வாங்கி ஓட்டையை எண்ணுங்கள். அந்த 64-ஐ வைத்துக் கணக்குப் போட்டால்:

- 35 எம்.எம்., 4 ஓட்டை: 1000 அடி ரோல் ஏறக்குறைய 11 நிமிடம்.
- அதே 35, 3 ஓட்டை: 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2 ஓட்டை என்றால் 22 நிமிடம்.
- 65 எம்.எம்., 5 ஓட்டை: நிமிடத்துக்கு 112.5 அடி. 1000 அடி 9 நிமிடம்கூட வராது.
- ஐமேக்ஸ் (ராட்சதத் திரைக்கான முறை, இதுவும் 65 எம்.எம்.), 15 ஓட்டை, ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும்: நிமிடத்துக்கு 337.5 அடி. 1000 அடி மூன்றே நிமிடம்.

சரி, லாபம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஆபரேட்டர் தாத்தா சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குத் திறவுகோல்: "எடுக்கறது வேற, காட்டறது வேற." நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் நெகட்டிவ், வலது பக்கம் பிரிண்ட் என்று எழுதினேன். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் எந்தப் பக்கத்துக் கேள்வி என்று பார்த்தேன்.

70 எம்.எம். என்பதே வலது பக்கம். கேமராவில் ஓடுவது 65 எம்.எம். நெகட்டிவ். பிரிண்டில் கூடுகிற 5 மில்லிமீட்டர் காந்த ஒலிப் பட்டைக்காக வந்தது. 35-ல் எடுத்ததைப் பெரிதாக்கினால் இடது பக்கத்தில் எதுவும் மாறாது. நெகட்டிவில் விழுந்த விவரம் விழுந்ததுதான், அதன் கிரெயினும் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) அப்படியேதான். லாபமெல்லாம் வலது பக்கத்தில். 35 ஸ்கோப் பிரிண்டின் படம் ஏறக்குறைய 21 மி.மீ. அகலம், 70 பிரிண்டில் 48.5 மி.மீ. 15 மீட்டர் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதைப் பக்கவாட்டில் 700 மடங்குக்கு மேல் விரிக்க வேண்டும், இரண்டாவதை 310 மடங்கு விரித்தால் போதும். பிரிண்டில் ஒட்டிய தூசி, கீறல், புரொஜெக்டரின் கேட்டில் (ஃபிலிம் வெளிச்சத்துக்கு முன் நிற்கும் சட்டம்) ஃபிலிம் ஆடுகிற ஆட்டம், எல்லாமே அந்த அளவுக்குத்தான் பெரிதாகும். ஃபிரேமின் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பதால் விளக்கின் வெளிச்சம் அதிகமாக உள்ளே போகும். அதோடு ஆறு தடக் காந்த ஒலி.

வெளிச்சத்தைப் பற்றித் தாத்தா பேசினால் நிறுத்தவே மாட்டார். கார்பன் குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும். "வெளிச்சம் பத்தலைன்னா எந்த லென்ஸ் போட்டும் பிரயோஜனமில்ல கண்ணு." ஃபிலிம் போடாமல் புரொஜெக்டரை ஓட்டித் திரையின் நடுவில் அளந்தால் 16 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும், டிஜிட்டலுக்கு 14. இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்துச் செய்த நிழலெல்லாம் மங்கிய விளக்கில் ஒரே கறுப்பாகப் போய்விடும். பிற்காலத்தில் கேமராவைத் தொடப்போகிறவர்களுக்கு இது முக்கியம் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

இந்த வருட நேர்முகத்தில் வந்த கேள்வி: "ஐமேக்ஸ் ஃபிலிம் புரொஜெக்டரில் மால்டீஸ் கிராஸ் ஏன் இல்லை?" மால்டீஸ் கிராஸ் என்பது சாதாரண புரொஜெக்டரில் ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாக இழுத்து நிறுத்தும் பகுதி. ஓட்டையிலிருந்தே தொடங்கினேன். 35-ல் ஒவ்வொரு தடவையும் நான்கு ஓட்டை நீளம் இழுத்து நிறுத்துகிறோம். இங்கே பதினைந்து. நொடிக்கு 24 தடவை அவ்வளவு நீளத்தை வெடுக்கென்று இழுத்தால் ஓட்டை கிழிந்துவிடும். அதனால்தான் ரோலிங் லூப். ஃபிலிம் ஒரு அலைபோல வளைந்து உருண்டு வந்து படியும், பின்கள் ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும், வெற்றிடம் ஃபிலிமைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கும். 1970 ஒசாகா கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். நேரில் பார்த்திருக்கிறாயா என்றார்கள். இல்லை, 35 புரொஜெக்டர் மட்டும் தொட்டிருக்கிறேன் என்றேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஃபிலிம் ஸ்டாக்: கோடாக் விஷன்3-ல் 50டி, 250டி, 200டி, 500டி நான்கும் போதும் (எண் என்பது ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன்). முதல் இரண்டு பகல் வெளிச்சத்துக்கு, அடுத்த இரண்டும் டங்ஸ்டனுக்கு. ஆங்கிலத்தில் D, T என்று வேறு வேறு, தமிழில் எல்லாமே "டி" என்று வரும், குழம்பாதீர்கள். டங்ஸ்டன் 500-ஐ வெயிலில் 85 ஃபில்டர் (பகல் வெளிச்சத்தை டங்ஸ்டனுக்கு ஏற்ப மாற்றும் ஆரஞ்சு ஃபில்டர்) போட்டு எடுத்தால் வேகத்தை 320 என்று கணக்கிட வேண்டும். இது எழுத்துத் தேர்வில் வந்தது.
- ஃபிலிமின் அடிப்பொருள் அசிடேட்டா, பாலியெஸ்டரா: கையால் கிழியும் என்றால் அசிடேட். பாலியெஸ்டர் கிழியாது.
- விஸ்டாவிஷனையும் (35 எம்.எம்.மில் பெரிய ஃபிரேம் எடுக்கும் முறை) ஐமேக்ஸையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் ஃபிலிம் படுக்கைவாட்டில்தான் ஓடும். முதலாவது 35-ல் 8 ஓட்டை.
- டிஜிட்டல் படத்தின் 2கே, 4கே எண்கள் எல்லோருக்கும் தெரியும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ராத்திரி மாடியில் தனியாகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததுதான் நின்றது.
- தமிழில் பதில் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஃபிலிம் துண்டு எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் தியேட்டரில் வேலை பார்த்தவர் யாராவது இருப்பார், விசாரியுங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் வருகிறவர்களை நானே தாத்தாவிடம் கூட்டிப்போகிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். 35 துண்டு கேட்டால் தருவார். 70 துண்டு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பார்க்க மட்டும் கேளுங்கள்.