மெடலின் விளிம்பில் ஒரு நம்பர்

வீட்டில் பழைய பட்டாளத்து மெடல் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளிச் சாமான்களோடு தாத்தாவின் மெடலையும் திருநீறு போட்டுத் தேய்த்து வைப்பார்கள். ராஜா முகம் பளபளவென்று இருந்தது. விளிம்பில் இருந்த எழுத்துதான் போய்விட்டது. விஷயமெல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தது.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக்கரை ஊர், பரிசல் போட்ட குடும்பம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி எடுத்துக்கொண்டு பர்மாவுக்குப் போனார், முழுசாகத் திரும்பி வந்தார், அதைப் பற்றிப் பேசாமலேயே செத்தும் போனார். மெடல் எதற்குக் கொடுத்தார்கள் என்று பாட்டிக்கும் தெரியாது. பெரியப்பாவிடம் மட்டும் ஒரு கதை உண்டு: ஜப்பான்காரன் ஏரோப்ளேனைத் தாத்தா ஒத்தை ஆளாகச் சுட்டு வீழ்த்தினார். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

தேட ஆரம்பித்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. சித்தப்பா மகன் ஒருநாள், "இந்த மெடலுக்கெல்லாம் கவர்மெண்ட் மாசாமாசம் காசு குடுக்குதாமே" என்று கேட்டான். கொடுப்பது உண்மைதான். 2017 ஆகஸ்டிலிருந்து பரம்வீர் சக்ராவுக்கு மாதம் 20,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000 என்று மத்திய அரசு உயர்த்தியது. வெள்ளைக்காரன் காலத்து விருதுகளுக்கும் தனியாகப் படி உண்டு. ஆனால் அது விருது வாங்கியவருக்கும், அவருக்குப் பின் மனைவிக்கும்தான். வளர்ந்த மகனுக்கோ பேரனுக்கோ கிடையாது. பாட்டி போய்ப் பல வருடம் ஆகிறது. சித்தப்பா மகனின் ஆர்வம் அங்கேயே அடங்கிவிட்டது. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் விடாதீர்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விதவை மறுமணம் செய்தால் படி நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை இருந்தது, அதையும் 2017-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் சிலர் பழைய விதியையே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள், நம்பாதீர்கள்.

எனக்கு மட்டும் விடவில்லை. மெடலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் 'போர்க்களத்தில் வீரத்துக்காக' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன வீரம், எந்தக் களம்?

விசாரித்ததில் அது மிலிட்டரி மெடல் என்று தெரிந்தது. 1916-இல் ஆரம்பித்த விருது. அதிகாரிகளுக்கும் சுபேதார், ஜமேதார்களுக்கும் மிலிட்டரி கிராஸ், அவர்களுக்குக் கீழே ஹவில்தார் வரையில் உள்ளவர்களுக்கு மிலிட்டரி மெடல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். வீரத்திலும் வகுப்பு பார்த்திருக்கிறார்கள். இந்த மெடலின் விளிம்பைச் சுற்றி, வாங்கியவரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். எண் கிடைத்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பெயரை வைத்துத் தேடுவது வீண் வேலை. தாத்தா பெயர் 'சாமி'யில் முடியும். அதை ஒரு குமாஸ்தா சாமி என்று எழுதியிருப்பான், இன்னொருவன் ஸ்வாமி, வேறொருவன் சாமை. அதுபோக, அந்தப் பெயரில் அந்தப் படையில் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ!

எங்கள் மெடலில் விளிம்பு மழமழவென்று இருந்தது. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் ஏதோ கீறல் மாதிரி தெரிந்ததே தவிர, படிக்க முடியவில்லை. சேலத்தில் இருந்துகொண்டு வெள்ளிக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டுமா? செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கியதும் எடை போட்டார். "நல்ல வெள்ளிங்க, குடுக்கறதா?" என்றார். இல்லை, இதைப் படிக்க வேண்டும் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஆர்வம் வந்துவிட்டது. விளிம்பு முழுக்க விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினார், மெத்தென்ற துணியால் மேலோட்டமாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்றது. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று அவருக்கே சந்தேகம். பதவி 'சேப்பர்'. சிப்பாய்க்குச் சமமான பதவி. காசு வாங்கவில்லை. "உங்க தாத்தா மெடல திருநூறு போட்டு மொட்டையடிச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார்.

அந்த மெடலில் ரிப்பனும் கிடையாது. அடர்நீலத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட ரிப்பன் இருந்திருக்க வேண்டும். அது எப்போதோ நைந்து போய், பாட்டி ஒரு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கோத்து வைத்திருந்தார். அதை நான் மாற்றவில்லை.

எண் கிடைத்ததும் அடுத்தது லண்டன் கெஜட். பிரிட்டிஷ் அரசிதழ். பழைய இதழ்கள் முழுக்க இணையத்தில் இருக்கின்றன, பார்க்கக் காசில்லை. ஆனால் பழைய அச்சைக் கணினியை விட்டுப் படிக்க வைத்திருக்கிறார்கள், அது எட்டை மூன்றாகவும் ஐந்தை எழுத்தாகவும் படித்து வைத்திருக்கிறது. அதனால் எண்ணைப் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. நான் 1944, 45, 46 என்று வருடத்தைக் குறுக்கி, 'பர்மா', 'மிலிட்டரி மெடல்' என்று போட்டு, வந்த பக்கங்களைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்தேன். தினமும் சாப்பிட்டு முடித்த பிறகு இதுதான் வேலை. வீட்டில் சீரியல் ஓடும், நான் கெஜட் படிப்பேன். கடைசியில் 1945 கடைசி இதழ் ஒன்றில் கிடைத்தார். எட்டுதான், மூன்று இல்லை.

சரி, கிடைத்தது என்ன? ஒரே ஒரு வரி. எண், பதவி, பெயர், படை. மேலே பொதுத்தலைப்பாக, பர்மாவில் வீரமும் சிறப்புமான சேவைக்காக என்று இருந்தது. அவ்வளவுதான். என்ன செய்தார் என்று கெஜட் சொல்லாது. விக்டோரியா கிராஸ் போன்ற பெரிய விருதுகளுக்குத்தான் விவரம் போடுவார்கள்.

அது வேறு இடத்தில் இருந்தது. லண்டனில் கியூ என்ற இடத்தில் அவர்களுடைய தேசிய ஆவணக்காப்பகம் இருக்கிறது. அங்கே டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில், விருதுக்காக மேலதிகாரிகள் அனுப்பிய பரிந்துரைப் படிவங்களை வைத்திருக்கிறார்கள். இந்தியப் படை ஆட்களுடையதும் அதில் உண்டு. பெயர், எண், எந்தப் போர்முனை என்று போட்டு அவர்கள் தளத்திலேயே தேடலாம். தேடுவதற்குக் காசு கிடையாது, நான் நகல் இறக்கியபோது அதற்கு மட்டும் சிறு கட்டணம் இருந்தது. என் ஏ.டி.எம். கார்டில் போகவே மாட்டேன் என்றது. பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்பதை ஆன் செய்த பிறகுதான் போனது. இதில் மாட்டிக்கொண்டு பாதியில் விட்டவர்கள் உண்டு, அதற்காகச் சொல்கிறேன்.

வந்தது ஒரு பக்கப் படிவம். தட்டச்சு. பிரிகேடு, டிவிஷன், கோர் என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து. எந்த விருதுக்குப் பரிந்துரை என்ற இடத்தில் ஐ.டி.எஸ்.எம். என்று அடித்திருந்ததைக் கோடு போட்டுவிட்டு, கையால் எம்.எம்., அதாவது மிலிட்டரி மெடல், என்று எழுதியிருந்தார்கள். ஐ.டி.எஸ்.எம். என்பது இந்தியப் படைக்கென்றே 1907-இல் ஏற்படுத்திய விருது. ஏன் மாற்றினார்கள் என்று படிவத்தில் இல்லை.

நடந்தது 1945 பிப்ரவரியில். பிரிட்டிஷாரின் பதினான்காம் படை பர்மாவில் ஐராவதி ஆற்றைக் கடந்த சமயம். ஆறு அகலம், எதிர்க்கரையிலிருந்து மெஷின் கன். தாத்தா இருந்த தெப்பத்தின் மோட்டார் நடு ஆற்றில் நின்றுபோயிருக்கிறது. அந்தக் கடப்பில் மோட்டார்கள் படுத்துக்கொண்டது பல இடத்தில் நடந்திருக்கிறது. தெப்பம் நீரோட்டத்தில் எதிரி பக்கமாக இழுத்துக்கொண்டு போக, சேப்பர் இன்னார் யாரும் சொல்லாமலேயே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து, பின்னால் வந்த படகு வரைக்கும் நீந்திப் போய்க் கட்டினார், சுடுவது நிற்கவில்லை, திரும்ப வந்து அடிபட்டவர்களை இறக்கினார் என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியில், இவருடைய நிதானத்தால் தெப்பத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று அதிகாரி முடித்திருக்கிறார்.

நான் அதைத் தமிழில் எழுதி அம்மாப்பேட்டையில் பெரியப்பாவிடம் கொண்டுபோய்ப் படித்தேன். முழுசாகக் கேட்டார். "அப்ப ஏரோப்ளேனு?" என்றார். இல்லை பெரியப்பா, இதில் அப்படி எதுவும் இல்லை. "ஏங்கண்ணு, ஆத்துல நீஞ்சுனதுக்கா மெடலு குடுத்தான் வெள்ளக்காரன்? நம்மூர்ல பொடுசுங்க நீஞ்சுமே" என்றார். அவருக்கு நிஜமாகவே ஏமாற்றம். சிரிப்பு வந்தாலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது. வெள்ளக் காலத்துக் காவிரியில் பரிசல் போட்டவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. தாத்தா வாயே திறக்காததற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

சேப்பர் வேலை அப்படிப்பட்டது. பாலம் போடுவது, தெப்பம் கட்டுவது, கண்ணிவெடி பொறுக்குவது. அடுத்தவன் சுடும்போது இவர்கள் கையில் பெரும்பாலும் ஸ்பேனர்தான் இருக்கும். 1944 டிசம்பரில் கலேவா என்ற ஊரில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்கு, இரும்புத் துண்டுகளை முடுக்கிச் சேர்க்கும் பெய்லி பாலம் போட்டார்கள், அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். இதே மதராஸ் சேப்பர்ஸில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944-இல் இத்தாலியில் கூட வந்தவர் மிதித்த கண்ணிவெடி மேல் தானே விழுந்து, மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய வீர விருதைக் கொடுத்தார்கள். பெரியப்பாவிடம் இதையும் சொன்னேன். அதற்குத்தான் கொஞ்சம் மனம் இறங்கினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த பிப்ரவரியில் ஐராவதியின் எதிர்க்கரையில் சில இடங்களில் காவல் இருந்தது ஜப்பான்காரர்கள் மட்டும் இல்லை. நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் இருந்தது, ஜி.எஸ். தில்லான் தலைமையில் நேரு படைப்பிரிவு. ஐ.என்.ஏ.வில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். எங்கள் வீட்டு ஹாலில் நேதாஜி படம் மாட்டியிருக்கிறது, மெடல் பீரோவுக்குள் இருக்கிறது. சுதந்திரத்துக்கு அப்புறம் ராஜா முகம் போட்ட மெடலை யார் வெளியே காட்டிக்கொள்வார்கள்? என் மனதில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தைய விருது என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றையும் 1950 ஜனவரி 26-இல் அறிவித்து, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்குச் செல்லும் என்றார்கள். அதற்காகப் பாதுகாப்பு அமைச்சகம் தனி இணையதளமே வைத்திருக்கிறது, பெயரைப் போட்டால் விவரம் வரும். பக்கத்துத் தெருவில் ஒருவரின் அப்பா 1971-இல் வாங்கிய வீர் சக்ரா பற்றி டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தேன். அதைவிடப் பழையது என்றால்தான் லண்டன்.

முழு சர்வீஸ் விவரம் வேண்டும் என்று பெங்களூரில் சேப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், எண்ணைக் குறிப்பிட்டு, உறவுமுறைக்குச் சான்று வைத்து. போர் முடிந்து பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்களின் கோப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கழித்துவிடுவது வழக்கம் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

பெரியப்பா ஒன்று மட்டும் கேட்டார். தாத்தாவோடு அதே ஊரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, திரும்பி வராமலே போன ஒருவர் இருந்தாராம், அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று. இறந்தவர்களைத் தேடுவது உண்மையில் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். பல பெயர்களுக்கு அப்பா பெயர், ஊர், ஜில்லா வரைக்கும் போட்டிருக்கிறார்கள். 'சேலம்' என்று கொடுத்துப் பாருங்கள், வந்துகொண்டே இருக்கும். இவரும் வந்தார். யாங்கோன் பக்கம் தௌக்கியான் கல்லறையில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது, கல்லறை எதுவென்று தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேர் பெயரைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். தூணின் எந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று தளத்திலேயே எண் இருந்தது.

அவருடைய பேரன் எடப்பாடியில் லாரி ஓட்டுகிறார். போன் செய்து சொன்னேன். பெயரை எழுத்துக்கூட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார். "போட்டோ எதாச்சும் இருக்குங்களா?" என்றார். இல்லை, பெயரும் தேதியும் மட்டும்தான். "சரிங்க, அதையே பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி வைங்க, சேலம் லோடு வரப்ப வந்து வாங்கிக்கறேன்" என்றார். எடுத்து வைத்திருக்கிறேன்.