ஹீபரின் கடைசி ஒன்பது நாள்கள்

மார்ச் 26, 2026

1826-இல் இதே நாள் ஈஸ்டர் ஞாயிறு. கல்கத்தாப் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் அன்று தஞ்சையில், ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த சபையாரிடையே இருந்தார். மாலைத் தமிழ் ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். சென்னைக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆகியிருந்த அவர், அதைச் சொல்லிப் பழகியிருப்பதை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

மார்ச் 29

இரண்டாம் சரபோஜி மன்னரையும் தஞ்சையில் சந்தித்தார். ஷ்வார்ட்ஸின் மாணவரான மன்னர், லவாய்சியே, லின்னேயஸ் முதலிய அறிவியலாளர்களின் நூல்களை எடுத்துக்காட்டிப் பேசியது ஹீபரை வியப்பில் ஆழ்த்தியது.

ஆனால் 1819-இல், இந்நாடுகளைக் காணுமுன்பே, அவர் எழுதிய மிஷனரிப் பாடலில் இலங்கை மக்களை இழித்துரைக்கும் அடியை என்னால் இன்றும் பாட முடிவதில்லை. அந்த ஹீபரை விட, ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்த ஹீபரே எனக்கு நெருக்கமானவர்.

மார்ச் 31

இன்று முழுவதும் அவருடைய பயணங்களையே நிலப்படத்தில் தொடர்ந்தேன். 1823 அக்டோபரில் கல்கத்தா சேர்ந்தவர், 1824 ஜூனில் கங்கை வழியாகப் படகில் புறப்பட்டு, டாக்கா, காசி, டெல்லி, பம்பாய், இலங்கை எனச் சுற்றி, 1825 அக்டோபரில்தான் திரும்பினார். இந்தியா முழுவதும், இலங்கையும், ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் ஒரே பேராயரின் பொறுப்பில் இருந்தன. இது எந்த மனிதனாலும் சுமக்கக்கூடியதன்று. முன்னவரான மிடில்டன் இந்தியருக்குக் குருப்பட்டம் அளிக்கத் தமக்கு அதிகாரம் இல்லையெனத் தயங்கியிருக்க, ஹீபர் 1824-இல் ஷ்வார்ட்ஸிடம் பயின்ற கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழருக்கு அதை அளித்தார். அவர் செய்தவற்றுள் இதையே முதன்மையாகக் கருதுகிறேன்.

ஏப்ரல் 1

200 ஆண்டுகளுக்கு முன் இன்று அவர் எங்கள் திருச்சிக்கு வந்தார்.

ஏப்ரல் 3

இன்று பெரிய வெள்ளி. அன்றோ திங்கட்கிழமை. காலையில் கோட்டையிலுள்ள ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) ஆராதனை நடத்தி, தமிழில் ஆசீர்வாதம் கூறினார். தங்களுக்கென ஓர் ஆயர் வேண்டுமென்று சபையார் சூழ்ந்து நின்று மன்றாடியதைக் கேட்டுவிட்டு, வெயிலில் தங்குமிடம் திரும்பிக் குளிக்க இறங்கியவர் நீரிலேயே உயிர்நீத்தார். அடுத்து வந்த கல்கத்தாப் பேராயர்களான ஜேம்ஸ் 1828-இலும், டர்னர் 1831-இலும் இறந்தனர். சென்னைக்குத் தனிப் பேராயர் 1835-இல்தான் கிடைத்தார். அத்தனை இழப்புக்குப் பின் வந்த அந்தத் தீர்வு எனக்கு வருத்தத்தையே தருகிறது.

மாலையில் தூய யோவான் ஆலயத்திற்குச் சென்று, அவரை அடக்கம் செய்த இடத்தருகே வெகுநேரம் நின்றிருந்தேன். அவருடைய 43-ஆம் பிறந்த நாளுக்கு அன்று இன்னும் 18 நாள்கள் இருந்தன.