ஸ்கிரிப்ட் கொட்டுற அவுட்புட்ல எரர் தொலைஞ்சு போகாம இருக்க

போன மாசம் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓட விட்டேன், காப்பி ஆகுற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லைன் அடிக்குது, டெர்மினல்ல ஓடுற வேகத்துக்கு கண்ணே நிக்கல. கடைசி பத்து லைன் நல்லா இருந்துச்சு, சரி முடிஞ்சதுன்னு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு பாத்தா ஒரு ஃபோல்டர் முழுசா காலி. பெர்மிஷன் இல்லன்னு நடுவுல ஒரே ஒரு லைன் வந்திருக்கணும், மேல போய் தேடலாம்னா நான் டெர்மினல ஓட்டுற டீமக்ஸ் (tmux) டீஃபால்ட்டா 2000 லைன்தான் ஞாபகம் வச்சிருக்கும், அது எப்பவோ போயிடுச்சு.

இந்த தொல்லைக்கு பயந்து எல்லாத்தையும் டெவ் நல்லுக்கு (/dev/null, உள்ள போற எதையும் தூக்கி எறியுற இடம்) தள்ளிவிடுறவங்க நிறைய பேர். தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. சத்தம் நிக்கும், ஆனா எரரும் சேர்ந்து போயிடும். அவுட்புட்ல ரெண்டு வழி இருக்கு, 1 சாதாரண அவுட்புட், 2 எரர். வெறும் > போட்டு ஒரு லாக் ஃபைலுக்கு அனுப்பினா 1 மட்டும்தான் உள்ள போகும், எரர் ஸ்கிரீன்லயே நிக்கும். எனக்கு பாதிக்கு மேல வேலை இதுலயே முடிஞ்சிடுது.

ரெண்டும் ஒரே ஃபைல்ல வேணும்னா > ஃபைல் பேர எழுதிட்டு அப்புறம்தான் 2>&1 வரணும். மாத்தி எழுதினா ஷெல் (நம்ம கமாண்ட படிச்சு ஓட்டுற புரோகிராம்) இடமிருந்து வலமா படிக்குறதால, 2-அ அந்த நேரத்துல 1 எங்க இருக்கோ அங்க, அதாவது ஸ்கிரீனுக்கு, கட்டிவிட்டுட்டு அதுக்கப்புறம் 1-அ மட்டும் ஃபைலுக்கு நகர்த்தும்.

சில டூல் எரரே இல்லாத விஷயத்தையும் 2-லதான் கொட்டும், வீடியோ மாத்துற எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) அப்படித்தான், நெட்லேர்ந்து ஃபைல் எடுக்குற கர்லோட (curl) ப்ரோக்ரஸ் மீட்டரும் அங்கதான் வரும். அந்த மீட்டர நிறுத்த கர்லுக்கு சின்ன எஸ் (-s) மட்டும் குடுத்தா எரர் மெசேஜும் மறைஞ்சிடும், கூடவே பெரிய எஸ்ஸும் (-S) குடுங்க.

ஸ்கிரீன்லயும் பாக்கணும் ஃபைல்லயும் வேணும்னா டீ (tee) கமாண்ட் இருக்கு. ஆனா இங்கதான் ரொம்ப கவனம் வேணும்: ஒரு கமாண்டோட அவுட்புட்ட அடுத்ததுக்கு அனுப்புற பைப்ல (|) கடைசி கமாண்டோட எக்ஸிட் கோடுதான் (0-ன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம்) ஷெல்லுக்கு தெரியும், காப்பி ஃபெயில் ஆனாலும் டீ ஒழுங்கா முடிஞ்சு 0 குடுத்திடும், நீங்க பின்னாடி && போட்டு பழைய பேக்கப்ப அழிக்கிற கமாண்ட் வச்சிருந்தீங்கன்னா அது ஓடிடும், நினைச்சாலே பதறுது. பாஷ் ஷெல்ல பைப்ஃபெயில் ஆப்ஷன (set -o pipefail, பைப்ல எது ஃபெயில் ஆனாலும் மொத்தமும் ஃபெயில்னு சொல்லும்) ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே ஆன் பண்ணிடுங்க.

கிரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டுறது, அவுட்புட் வந்தா அத மெயில்ல அனுப்பும்) ஓடுறதுக்கு மோர்யூடில்ஸ் (moreutils) பேக்கேஜ்ல இருக்குற க்ரானிக் (chronic) கமாண்ட முன்னாடி போட்டுக்கிறேன். கமாண்ட் நல்லபடியா முடிஞ்சா ஒரு லைன் கூட வராது, ஃபெயில் ஆனா மொத்த அவுட்புட்டும் வரும். இப்போ அந்த பேக்கப்லேர்ந்து மெயில் வந்தா உடனே திறந்து பாக்குறேன்.