ஓர் எழுத்துக்காக அலைந்த அக்டோபர்

அப்பாவின் பெயர் ‘கோ’ என்று தொடங்குகிறது. அதை ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டும் எழுதலாம், ‘கே’ போட்டும் எழுதலாம். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ‘ஜி’ போட்டார். பாஸ்போர்ட்டிலும் அதே ‘ஜி’, அப்பாவின் முழுப்பெயராக விரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆதாரில் வெறும் இனிஷியல். முதல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆடிட்டர் அலுவலகத்தில் யாரோ நிரப்பிக் கொடுத்த பான் கார்டில் மட்டும் ‘கே’. அதிலும் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். பல வருடங்களாக இதை யாரும் கேட்டதில்லை, நானும் கவனித்ததில்லை. 2024 அக்டோபரில் இந்த ஓர் எழுத்து என்னைப் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் மாறி மாறி ஓட வைத்தது.

ஆஸ்திரேலியாவின் வேலை–விடுமுறை விசாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். 462 என்ற எண்ணைச் சொன்னால் தெரிந்தவர்களுக்குப் புரியும். 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின்படி வருடத்துக்கு 1000 இந்தியர்களுக்கு இந்த விசா. போய் ஒரு வருடம் தங்கலாம், ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். ஆயிரம் இடம்தான் என்பதால் முதலில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும். முதல் குலுக்கலின் பதிவு 2024 அக்டோபர் 1 முதல் 31 வரை திறந்திருந்தது. வயது 18 முதல் 30 வரை. எனக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. அடுத்த குலுக்கல் வரும்போது எனக்கு வயது கடந்திருக்கும். ஆகவே எனக்குக் கிடைத்தது அந்த ஒரே மாதம்.

பதிவுக்குப் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவில்தான் அந்த ‘கே’ கண்ணில் பட்டது. அப்படியே பதிந்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்று தோழிகள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயிரத்தில் ஒருத்தியாக வந்த பிறகு, ‘இந்த இரண்டு பேரும் ஒரே ஆளா?’ என்று ஓர் அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

பான் கார்டை ஆன்லைனிலேயே திருத்தலாம், கட்டணம் 107 ரூபாய்தான். ஆனால் ஆதாரை வைத்துத் திருத்தினால் ஆதாரில் இருக்கிற பெயர் அப்படியே பான் கார்டுக்குப் போகும். என் ஆதாரில் இருந்ததோ வெறும் இனிஷியல். ஆக, முதலில் ஆதார், பிறகு பான், பிறகு பதிவு. இதில் இன்னொரு பயமும் உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். முகாமில் தப்பாக அடித்த எழுத்துப்பிழையைச் சரிசெய்ததில் ஒரு முறை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் ஒன்று. அதில் பிழை விழுந்தால் எல்லாம் முடிந்தது.

முதலில் போன ஆதார் மையத்தில் காலை ஏழரைக்கே வரிசை நின்றது. ஒரு நாளைக்கு இருபது டோக்கன். எனக்குப் பதினெட்டாவது கிடைத்தது. பதினொன்றரைக்கு சர்வர் நின்றுவிட்டது, நாளை வரச் சொன்னார்கள். மறுநாள் ஆறரைக்கே போய் மூன்றாவது டோக்கன் வாங்கினேன். உள்ளே இருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இனிஷியலை விரிக்க கெசட் வேண்டும் அம்மா. கெசட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றார். கெசட், அதாவது அரசிதழ், எப்போது வரும் என்று கேட்டேன். “அது எனக்கு எப்படித் தெரியும்?” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் அவர் சொன்னதை நம்பினேன். அதுதான் என் தவறு. அன்று மதியமே தஞ்சாவூர் போய், நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட்டு, ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் செலவழித்து, மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். அந்தப் பிரமாணப் பத்திரம் இன்று வரை எதற்கும் பயன்படவில்லை.

கண்ணைத் திறந்தவர் பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் ஆதார் வேலை பார்க்கும் அம்மா. பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார். “இதுவே அடையாளச் சான்றுதானே பாப்பா, கெசட் எதற்கு? நீ பெயரையா மாற்றுகிறாய்?” என்றார். தட்டச்சு செய்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி, “நீயே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படி, பிறகுதான் அனுப்புவேன்” என்றார். நான் படித்தேன். ஜி, ஓ, வி என்று ஒவ்வொன்றாக. ஐம்பது ரூபாய், பத்து நிமிடம். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதும் உறுத்துகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் கதை இருக்கும். வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், குலுக்கல் அறிவிப்புக்குக் காத்திராமல் இன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள். ஒரு மையத்தில் முடியாது என்றால் இன்னொரு மையத்துக்குப் போங்கள். எந்த விதிப்படி முடியாது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஆதார் திருத்தம் ஒன்பதாம் நாள் வந்தது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. ஊரில் சம்பா நடவு. அந்த வருடம் மேட்டூரில் வழக்கமான ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலை கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள், எல்லாமே தள்ளிப் போயிருந்தது. அப்பா வயலிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல், “வந்துவிட்டதா?” என்றுதான் கேட்பார். திருத்திய பான் மின்னஞ்சலில் வந்தது அக்டோபர் 29 சாயங்காலம்.

மறுநாள் இரவு பதிவு செய்ய உட்கார்ந்தேன். எல்லா விவரமும் ஏறிவிட்டது. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அங்கே என் கார்டு நின்றுவிட்டது. கூட்டுறவு வங்கி கொடுத்த ரூபே கார்டு ஏறவே இல்லை. இன்னொரு வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் வசதி அந்த நேரத்தில் செயலியில் வேலை செய்யவில்லை. ஆயிரத்து நானூறு ரூபாய் சொச்சம். கையில் பணம் இருக்கிறது, கட்ட வழி இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கும்பகோணத்தில் இருக்கும் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். அவள் கணவர் தன் கிரெடிட் கார்டு எண்ணைச் சொல்லி, ஓடிபி வரும் வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டணத்தை யார் கார்டில் வேண்டுமானாலும் கட்டலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்த கார்டு ஒன்றை ஒரு வாரம் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கலுக்குப் பதிவு தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் 40,000 பேர் பதிந்திருந்ததாகச் செய்தியில் படித்தேன். கிடைக்காது என்றே நினைத்தேன். கிடைத்தது. தஞ்சாவூரில் ஓர் ஏஜென்சி, குலுக்கலில் பெயரை வரவைப்பதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கணினி எடுக்கும் குலுக்கலில் யாராலும் யார் பெயரையும் நுழைக்க முடியாது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருவரைத் தெரியும்.

அழைப்பு வந்தால் 28 நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வைத் திருச்சியில் முன்பே எழுதியிருந்தேன். சராசரி 4.5 இருந்தால் போதும், அதில் சிக்கல் இல்லை. சென்னையில் மருத்துவப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே ஒரே நாளில் முடிந்தது. விசாக் கட்டணம் அப்போது 650 டாலர். சிக்கியது வங்கியில்.

கணக்கில் 5000 டாலர் காட்ட வேண்டும், அதாவது இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் அளவில். என் சேமிப்பு ஒன்று அறுபது. மீதிக்கு அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். நகைக்கடன் பணம் கணக்கில் ஏறியதும் இருப்புச் சான்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கையே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வங்கியின் தலைப்புத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றேன். மேலதிகாரி விடுப்பில் இருப்பதாகச் சொல்லித் திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனால் பிரின்டரில் மை இல்லை. மூன்றாம் முறை அப்பா கூட வந்தார். அவர் சத்தமே போடவில்லை. மேலாளர் அறை வாசலில் துண்டைத் தோளில் போட்டபடி ஒன்றரை மணி நேரம் நின்றார். “உட்காருங்கள் ஐயா” என்று மேலாளரே எழுந்து வந்தார். சான்று இருபது நிமிடத்தில் கையில். அப்பா அப்படி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கவுன்ட்டரை மன்னிக்கவும் முடியவில்லை.

ஒரு குறிப்பு: கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் நகைக்கடன் ரசீதை இணைத்து ஒரு பக்கக் கடிதம் வைத்தேன். மேற்கொண்டு கேள்வி வரவில்லை. விசா வந்தது.

“தனியாகவா? கல்யாணத்துக்கு முன்னாலா?” என்று அத்தை தொடங்கியதையும், அதற்கு அம்மா சொன்ன பதிலையும் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா அன்று என் பக்கம் நின்றார், அது போதும். திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூர் வழியாகப் போனேன். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பித் தரும் அட்டையில், எடுத்துப் போன சாப்பாட்டுப் பொருள் ஒவ்வொன்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். நான் எல்லாம் எழுதினேன். மோர்மிளகாயை எடுத்துக்கொண்டு, பருப்புப்பொடியை விட்டுவிட்டார்கள். எழுதாமல் மாட்டிக்கொண்ட ஒருவர் பக்கத்து வரிசையில் அபராதத் தாளோடு நின்றதைப் பார்த்தேன்.

வரி எண், வங்கிக் கணக்கு எல்லாம் எளிது. வருமானத்தில் முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். முதலாளி கட்டும் ஓய்வூதியப் பணத்தை ஊர் திரும்பும்போது எடுத்தால் அதில் 65 சதவீதம் வரிக்குப் போய்விடும். அதை உங்கள் கணக்கில் சேர்த்துக் கனவு காணாதீர்கள்.

வேலைக்கு வடக்குக் குயின்ஸ்லாந்துப் பக்கம், டல்லி என்ற ஊருக்குப் போனேன். சுற்றிலும் வாழை. ஊர் நடுவில் 7.9 மீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது. 1950-இல் ஒரே வருடத்தில் அங்கே பெய்த மழையின் அளவு அது. முதலில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மாட்டினேன். பதினொரு நாள் வேலை. சம்பளம் உறையில் ரொக்கம், பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டு கிடையாது, கட்டிலுக்கும் வேனுக்கும் அவர் இஷ்டத்துக்குப் பிடித்தம். இரண்டாவது வருட விசாவுக்குக் குறிப்பிட்ட வேலைகளில் 3 மாதம், அதாவது 88 நாள், ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பேஸ்லிப் இல்லாத நாளை எதை வைத்துக் காட்டுவது? என் பதினொரு நாளும் கணக்கில் சேரவில்லை. 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணைக் கூப்பிட்டு, “தமிழ்” என்று சொன்னால் தமிழ் பேசுபவரை இணைப்பார்கள். அவர் வழியாக, வேலை செய்பவர்களின் சம்பளப் புகார்களைப் பார்க்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தோடு பேசலாம். அவர்கள் சொன்னபடி வேலை செய்த நாள், மணி எல்லாம் எழுதி அனுப்பினேன். பிடித்ததில் பாதி திரும்பி வந்தது. இந்த எண் முதல் நாளே தெரிந்திருந்தால் அங்கே இரண்டாம் நாள் போயிருக்க மாட்டேன்.

அடுத்த தோட்டம் ஒழுங்கானது. கொட்டகையில் தாரிலிருந்து சீப்புச் சீப்பாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் விட வேண்டும், மறுபக்கம் எடுத்து 15 கிலோ பெட்டியில் அடுக்க வேண்டும். வாழைக்கறை பட்டால் துணி போனது போனதுதான் என்பது கொல்லையில் வாழை வைத்து வளர்ந்த எனக்குத் தெரியும். முதல் நாளே பழைய நைட்டியைக் கிழித்து முன்னால் கட்டிக்கொண்டேன். கூட இருந்த தைவான் பெண்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் ஆளுக்கொரு பழந்துணி கட்டியிருந்தார்கள்.

முதல் பேஸ்லிப் வந்த அன்று கொட்டகை வெளிச்சத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயர் ‘கே’ என்று தொடங்கியது. கையில் கறையோடு அப்படியே அலுவலக அறைக்கு நடந்தேன். கணக்கு பார்க்கும் அம்மாவிடம் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து அந்த எழுத்தைக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திருத்தி, திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்செடுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து 88 நாளை எண்ணத் தொடங்கினேன். இன்று அறுபத்து மூன்று.